அப்பாவுக்குப் பேச்சு போன வருஷம்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஏன் வீடியோவே வரலன்னு கமென்ட்ல கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இன்னைக்குச் சமையல் இல்லைங்க. போன வருஷம் எங்க வீட்டுல நடந்ததையும், அதுல நான் கத்துக்கிட்டதையும் பேசப் போறேன். அப்பாகிட்டக் கேட்டுட்டுத்தான் பேசுறேன். சரின்னு தலையாட்டுனாரு. ஆனா தன் முகம் வர வேண்டாம்னு கையாலயே காமிச்சுட்டாரு. அதனால அவரு கேமராவுக்கு வர மாட்டாரு.

அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. மதுரை–திருநெல்வேலி ரூட். நாளெல்லாம் வாய் ஓயாமப் பேசியே வேலை பார்த்த மனுஷன். போன வருஷம் ஒருநாள் காலையில பல் தேய்க்கும்போது கையில இருந்த பிரஷ் கீழ விழுந்துருச்சு. குனிஞ்சு எடுக்கப் போறாரு, வலது கை வரல. என்னப்பான்னு கேட்டா வாய் ஒரு பக்கமா இழுக்குது, சத்தம் வருது, வார்த்தை வரல.

பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. உடனே 108-க்கு அடிச்சோம். இதை மட்டும் மனசுல பதிய வச்சுக்கோங்க. முகம் கோணுது, ஒரு கை தொங்குது, பேச்சு குழறுது, இதுல ஒண்ணு திடீர்னு வந்தாலும் படுக்க வச்சுப் பாப்போம், சோடா குடுப்போம், கை காலத் தேச்சு விடுவோம்னு எதுவும் செய்யாதீங்க, உடனே 108-க்கு அடிங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசியப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லைன்னு பார்த்துட்டுத்தான் அதையே போடுவாங்க. பெரிய அடைப்பா இருந்து சிகிச்சை கிடைக்கலைன்னா, நிமிஷத்துக்குச் சுமாரா 19 லட்சம் மூளை செல்கள் அழியுதுன்னு கணக்குப் பண்ணியிருக்காங்க. அப்பாவுக்கு நேரத்துக்கு ஊசி போட்டாங்க. அதனாலதான் இன்னைக்குக் கோலை ஊணிக்கிட்டு அவரே நடக்குறாரு.

ஆனா பேச்சு போயிருச்சு. இதுக்குப் பேரு அஃபேசியா. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இருக்குன்னு 2022-ல நியூஸ் வந்துச்சே, அதுதான். அவருக்கு வந்த காரணம் வேற, அப்பாவுக்கு வந்த காரணம் வேற. பெரும்பாலானவங்களுக்கு மொழி மூளையோட இடது பக்கத்துலதான் இருக்கு. வலது கை காலை ஆட்டி வைக்கிறதும் அதே இடது பக்கம்தான். அதான் வலது பக்கம் விழுந்தவங்க நிறைய பேருக்குப் பேச்சும் சேர்ந்து அடிபடுது. 1861-ல பாரிஸ் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில பால் புரோக்காங்கிற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தாரு. எதைக் கேட்டாலும் அந்த நோயாளி வாயில இருந்து "டான்"னு மட்டும்தான் வருமாம். ஆனா சொல்றது அவருக்குப் புரியும். அவரு இறந்தப்புறம் மூளையப் பார்த்தா, இடது பக்கம் முன்னால சேதமாகி இருந்துச்சு. அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூங்காம உக்காந்திருந்தேன். அந்த மனுஷனும் இப்படித்தானே உள்ளுக்குள்ள எல்லாத்தையும் வச்சுக்கிட்டு இருந்திருப்பாருன்னு.

ஏன்னா அப்பாவுக்குப் புத்தியில ஒரு குறையும் இல்ல. பேரன் சில்லறைய மாத்தி எண்ணுனா உடனே கையப் பிடிச்சு நிறுத்துவாரு. ஆனா தண்ணி வேணும்னா "தண்ணி"ங்கிற வார்த்தை வராது. சொம்பைப் பார்ப்பாரு, வாயைத் திறப்பாரு, வேற ஏதோ வரும். தான் சொன்னது தப்புன்னு அவருக்கே தெரியும். கண்ணு கலங்கிரும். அதைப் பார்க்குறது இருக்கே... சரி விடுங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. பேச்சுப் பயிற்சி குடுக்குற மேடம் வந்த புதுசுல, அப்பா என்ன வேலை பார்த்தாருன்னு கேட்டாங்க. கண்டக்டர்னு சொன்னேன். எந்த ரூட்டுன்னாங்க. சொன்னதும் அவங்க அப்பா பக்கம் திரும்பி, "திருப்பரங்குன்றம்"னு ஆரம்பிச்சு வச்சாங்க. அப்பா "திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி"ன்னு மடமடன்னு சொல்லிட்டாரு! அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க. ஒரு வாய் தண்ணி கேக்க முடியாத மனுஷன் மொத்த ரூட்டையும் ஒப்பிக்கிறாரு.

வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த வார்த்தைகள் சங்கிலி மாதிரி ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு வருமாம். ஒண்ணு ரெண்டு மூணு, கிழமைகள், சாமி பாட்டு இதெல்லாம் நிறைய பேருக்கு அப்படித் தப்பிச்சு நிக்குதுன்னு மேடம் சொன்னாங்க. ராகமா இழுத்துச் சொல்ல வச்சுப் பேச்சைக் கொண்டு வர்ற ஒரு பயிற்சியே அமெரிக்காவுல பாஸ்டன்ல 1973-ல உருவாச்சு. எங்க மேடம் பஸ் ரூட்டையே பிடிச்சுக்கிட்டாங்க. "சாத்தூர்ல இறங்கி வெள்ளரிக்காய்..."னு அவங்க நிறுத்துவாங்க, "வாங்கு"ன்னு அப்பா முடிப்பாரு. அப்படியே ஒவ்வொரு வார்த்தையா சங்கிலியில இருந்து கழட்டி எடுக்குறாங்க. முதல் ஆறு மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அதுக்கப்புறம் மெதுவா இருக்கும். ஆனா நின்னுறாது. ஆறு மாசம் தாண்டிருச்சு, இனிமே அவ்ளோதான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இந்த வருஷம் நான் கத்துக்கிட்டதுல பெருசு காத்திருக்குறதுதான். கேள்வி கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும். கேக்க ஈசியா இருக்கு, செஞ்சு பாருங்க. அவரு "கா... கா..."ன்னு தேடும்போது, காபியா, காசா, காத்து வேணுமான்னு நாமளே அடுக்கிட்டா, அவரு அந்த வார்த்தைய விட்டுட்டுப் படுத்துருவாரு. சும்மா இருந்து அவரு முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, சில நேரம் வந்துரும். வரலைன்னா ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி ஒவ்வொண்ணாக் கேக்கணும். டிவிய அணைச்சுட்டுப் பேசணும். சத்தமாக் கத்தக் கூடாது, காது நல்லாத்தான் கேக்குது. குழந்தைகிட்டப் பேசுற மாதிரி கொஞ்சக் கூடாது. இதைப் பழகினப்புறம் ஆபீஸ் மீட்டிங்ல, பக்கத்து வீட்டு அக்காகிட்ட, என் பையன்கிட்டக்கூட நான் இடையில பூந்து பேசுறது குறைஞ்சிருச்சு. பையன் ஸ்கூல்ல நடந்ததை இப்ப முழுசா சொல்றான். முன்னாடி அவன் பாதியில விட்டதெல்லாம் என்னென்ன கதையோ!

பார்க்க வந்தவங்களப் பத்தியும் சொல்லணும். முதல்ல வீடு நிறைய ஆளு. அப்பாவை நடுவுல உக்கார வச்சுக்கிட்டு, அம்மாகிட்ட "அவரு சாப்பிடுறாரா, அவருக்கு ஞாபகம் இருக்கா"ன்னு கேப்பாங்க. அவரு அங்கயேதான் இருக்காரு! அவருகிட்டக் கேளுங்களேன். கொஞ்ச நாள்ல வர்றது குறைஞ்சு போச்சு. என்ன பேசுறதுன்னு தெரியல, அதான் வரலைன்னு நிறைய பேரு சொன்னாங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா அவரோட ஓடுன டிரைவர் மாமா மட்டும் வாராவாரம் வந்துருவாரு. பேப்பரை விரிச்சு ஒரு பக்கத்தை அப்பாகிட்டக் குடுத்துட்டு, இன்னொரு பக்கத்தை இவரு படிப்பாரு. மணிக்கணக்கா ஒரு பேச்சு இருக்காது. ஒருநாள் பழைய விசில் ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தாரு. பஸ்ல ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம். வாய் கோணல் சரியாகி ஊத முடிஞ்சப்புறம், ரூம்ல இருந்து அப்பா எங்களுக்குப் பதில் சொல்றதே அதுலதான். சாப்பாடு போடவாப்பான்னா ரெண்டு விசில். டாக்டருங்க யாரும் சொல்லித் தராத வழி இது. அந்த மாமாவுக்கு நாங்க ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கோம்.

காசு விஷயம். வீட்டு வரவு செலவு மொத்தமும் அப்பா தலையில இருந்துச்சு. பேங்க்ல பணம் எடுக்கப் போனா, கையெழுத்து ஒத்துப் போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வலது கையே வரல, கையெழுத்து எங்க இருந்து ஒத்துப் போகும்? உடம்பு முடியாதவங்க கட்டைவிரல் ரேகை, அதுவும் முடியலைன்னா கால்விரல் ரேகை வச்சுப் பணம் எடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் வழிகாட்டுதல் இருக்கு. ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பொறுப்பான பேங்க் அதிகாரியா இருக்கணும். அதை எழுதிக் குடுத்தப்புறம்தான் நடந்துச்சு. உங்க வீட்டுல அம்மா அப்பா அக்கவுன்ட் தனித்தனியா இருந்தா, ரெண்டு பேருல யாரு வேணா எடுக்குற மாதிரி ஜாயின்ட் ஆக்கிருங்க. எங்க அம்மா இந்த வயசுல ஏடிஎம் கத்துக்கிட்டாங்க. பின் நம்பரை யாருக்கும் சொல்ல மாட்டாங்க, எனக்குக்கூட!

பிசியோதெரபிக்கு, 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்றாங்க, பிரஷர், சுகர் மாத்திரையும் குடுக்குறாங்க. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க. பிரஷர் மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க. அப்பாவுக்கு வந்ததுக்கு அதுதான் பெரிய காரணம்னு டாக்டர் சொன்னாரு.

வார்த்தை வராதப்ப, வேணுங்கிறதை விரல் வச்சுக் காமிக்க நாங்க பயன்படுத்துற படத்தாளை டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், வலி, ஃபேன், கண்ணாடி, போன் எல்லாம் இருக்கு. கடைசி வரிசைய வேணும்னே காலியா விட்டிருக்கேன். அதுல உங்க வீட்டு ஆளுக போட்டோவ ஒட்டிக்கோங்க, பேரு வரலைன்னாலும் விரலை வச்சுக் காமிச்சுருவாங்க. பெரிய தாள்ல பிரின்ட் போட்டு லேமினேட் பண்ணிருங்க, இல்லைன்னா ரசம் கொட்டியே நைஞ்சு போயிரும். வேற என்ன படம் சேக்கலாம்னு கமென்ட்ல சொல்லுங்க, சேத்து மறுபடி போடுறேன். அப்பாவுக்கு மாத்திரை குடுக்குற நேரமாச்சு, வர்றேங்க.