வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியில் கூட்டம்

வணக்கம் நேயர்களே.

உங்கள் பிள்ளை சென்னை மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியானால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தப் பள்ளியில் ஒரு கூட்டம் நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கும். "நமக்கு என்ன தெரியும், டீச்சருங்க பார்த்துக்குவாங்க" என்று நிறைய வீடுகளில் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்று அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கூட்டங்களைக் கூட்டி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தக் காகிதங்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு பள்ளியில் எந்த வேலை நடக்கிறது, எது நடக்காமல் கிடக்கிறது என்பதில் பெரும்பங்கு, அந்தப் புத்தகத்தில் என்ன எழுதுகிறோம், அதை யார் பின்தொடர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் சட்டம். குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவுதான் இந்தக் குழுவுக்கு ஆதாரம். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது ஆகியவை அவர்கள் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும்தான். மாநகராட்சிப் பள்ளியில் அப்படி இல்லை. அங்கே பெற்றோர் சட்டப்படி பெரும்பான்மை. தலைமை ஆசிரியருக்கு ஒரு குரல், அவ்வளவுதான். இதைப் பெற்றோர் பலர் நம்பவே மாட்டார்கள். கூட்டத்துக்கு வந்தாலும் கடைசி பெஞ்சில்தான் போய் உட்காருவார்கள்.

சென்னையில் ஒரு தீர்மானம் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. 1920இல் நம் மாநகராட்சிக்கு மேயர் கிடையாது, தலைவர்தான். அந்தப் பதவியில் இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கில் இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று அவர் கொண்டுவந்த யோசனையை மாமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது என்பது நிபந்தனை. எந்தப் பள்ளி, என்ன கொடுப்பது, எவ்வளவு செலவு என்று மூன்றும் அந்த முடிவில் தெளிவாக இருந்தன. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றுபோனது. 1927இல் 25 பள்ளிகளில், ஆயிரம் பிள்ளைகளுக்கு அதை மறுபடி தொடங்கினார்கள்.

இந்தக் கதையில் 1925ஆம் வருடத்தைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கணக்கில் எழுதுவது என்ற இடத்தில் அது விழுந்தது. இன்றைக்கும் பள்ளிக் கோரிக்கைகள் விழுகிற இடம் அதுதான்.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். பள்ளியில் ஏதோ ஒன்று கெட்டுப்போனால் யாரிடம் போவது? தொட்டிக்குத் தண்ணீரே வரவில்லை என்றால் குடிநீர் வாரியம். தண்ணீர் வந்து, தொட்டியிலிருந்து கழிப்பறைக்குப் போகிற குழாய் உடைந்திருந்தால் மாநகராட்சிப் பொறியாளர்கள். மின்சாரம் மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு, மீட்டரைத் தாண்டி வகுப்பறை ஒயரிங் என்றால் திரும்ப மாநகராட்சி. வாசலில் குப்பை குவிந்தால் திடக்கழிவு மேலாண்மைப் பிரிவு. எதிர்ப் பெட்டிக்கடையில் சிகரெட் விற்றால் சுகாதாரப் பிரிவும் காவல் நிலையமும். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அது கல்வித் துறை. அனுமதித்த பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் காலி இருக்கக் கூடாது என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டம். ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் மாறுதலில் போனாலே இருபது சதவீதம் காலி. இதைக் குழுவே எண்ணிப் பார்த்து எழுத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இத்தனை அலுவலகங்களுக்கு நடுவே, "கழிப்பறையைச் சீர்செய்யக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் அது யாருக்குப் போகும்? யாருக்கும் போகாது. அடுத்த மாதமும் அதே வரியை எழுதுவோம்.

ஒரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. அலுவலகம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிற ஓர் அம்மா உறுப்பினராக இருந்தார். வருவார், கையெழுத்துப் போடுவார், பேச மாட்டார். அன்றைக்குக் கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து, "டீச்சர், மாடி பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா எப்போ போடுவீங்க? எம் பொண்ணு ஸ்கூலுக்கு வந்தா தண்ணியே குடிக்கறதில்ல" என்றார். காலையிலிருந்து மாலை வரை அந்தப் பெண் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். கேட்டுப் பார்த்தால் அவள் மட்டும் இல்லை, ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பாதிப் பெண்கள் அப்படித்தான். அந்த மாடிப்படியில் தினமும் ஏறி இறங்குகிற எங்களில் யார் கண்ணிலும் அது படவில்லை, அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோருக்கு நான்கில் மூன்று பங்கு என்று சட்டம் சொல்வது எதற்கென்று அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அன்று எழுதிய தீர்மானம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "முதல் மாடிப் பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்திலிருந்து உடனே வாங்குவது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்துள்ளது, அதற்கு வார்டு உதவிப் பொறியாளருக்குக் கடிதம் கொடுப்பது. நகல் உதவிக் கல்வி அலுவலருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும். கடிதம் சேர்ப்பிக்கும் பொறுப்பு, உறுப்பினர் இன்னார். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் இதுவே." தாழ்ப்பாள் மறுநாளே வந்துவிட்டது. குழாய்க்குத்தான் நாளாயிற்று. அந்த அம்மாவே வேலைக்குப் போகிற வழியில் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிவந்தார். அந்தச் சீல் இருந்ததால்தான் அடுத்த கூட்டத்தில் "எங்களுக்குக் கடிதமே வரவில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

மானியம் என்றேன் இல்லையா, அதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், அதற்கு மேல் ஆயிரம் பிள்ளைகள் வரை 75,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். 240 பிள்ளைகள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வருடம் முழுவதற்கும் 208 ரூபாய் வருகிறது. சாக்பீஸ், பினாயில், பல்பு, பழுதான மின்விசிறி எல்லாம் அதற்குள்தான். குறைவான பணம் என்பதால்தான் இதைக் கூட்டத்தில் ரசீதோடு படிக்க வேண்டும் என்கிறேன். மானியக் கணக்கை வாசிக்காத கூட்டத்தைக் கூட்டம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதில் தலைமை ஆசிரியர்கள் சங்கடப்பட ஒன்றுமில்லை. கணக்கைப் பார்த்த பெற்றோர்தான் அடுத்த முறை "இவ்வளவு பணத்தில் எப்படி டீச்சர் சமாளிக்கிறீங்க" என்று நமக்காக வெளியே போய்ப் பேசுவார்கள்.

பெரிய செலவுகள், அதாவது கட்டடம், சுற்றுச்சுவர், புதிய வகுப்பறை எல்லாம் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகையில் முடிவாகின்றன. அங்கே மாமன்றம் இருக்கிறது, கல்விக்கென்று ஒரு நிலைக்குழு இருக்கிறது, பிப்ரவரி மார்ச் வாக்கில் பட்ஜெட் வருகிறது. நீங்கள் கட்டும் சொத்து வரியில் கல்விக்கான பங்கும் இருக்கிறது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. அந்த வருடங்களில் ஒரு பள்ளியின் குறையை மாமன்றத்தில் எழுப்ப ஆளே கிடையாது, எல்லாம் அதிகாரிகள் மேசையில்தான். இப்போது கவுன்சிலர் இருக்கிறார். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் இருக்கிறது. 2022 இறுதியில், நகரத்தோடு பின்னால் சேர்ந்த பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகளும் மாநகராட்சியிடம் வர முடிவானது. அதற்கு முன் மாநகராட்சியிடம் இருந்தவை 281. ஆக 400க்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே பட்ஜெட்டில் இடம் கேட்கின்றன. சுற்றுச்சுவர் வேண்டுமென்றால் நவம்பருக்குள், அளவோடும் புகைப்படத்தோடும் தீர்மானம் போட்டு கவுன்சிலர் கையில் கொடுத்துவிடுங்கள். மார்ச்சில் கேட்டால் அடுத்த வருடம்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு, கூட்டத்தின் நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மாநகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் யார்? வீட்டுவேலை செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், காசிமேட்டில் மீன் விற்கிறவர்கள், ஏற்றுமதித் துணி கம்பெனியில் தைக்கிறவர்கள். மூன்று மணிக்கு வர வேண்டுமானால் அரைநாள் கூலி போய்விடும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டு, "பெற்றோருக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதி வைப்பது நியாயமே இல்லை. 2022 மார்ச் 20ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்காகப் பெற்றோர் கூட்டம் நடந்ததே, அது ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் வர வேண்டும் என்று நினைத்தபோது அரசே ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுத்தது. அதே வழியை மாதக் கூட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும். ஞாயிறு முடியாதென்றால் மாலை ஆறு மணி. ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமைதான், எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக வேறொரு நாள் அரைநாள் விடுப்பு கொடுங்கள். குழுக்களே இதைத் தீர்மானமாகப் போட்டு மேலே அனுப்பலாம்.

குழுவின் ஆயுள் இரண்டு வருடம். 2022இல் அமைந்தவற்றை 2024 ஆகஸ்டில் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இது நல்ல காரியம். மாநகராட்சிப் பள்ளியில் படித்து, இன்று அலுவலகம் போய்க்கொண்டிருக்கிற நேயர்கள் நிச்சயம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கடிதம் எழுதத் தெரிந்த, செயலியில் தீர்மானத்தைப் பதிவேற்றத் தெரிந்த, ஏ.இ. அலுவலகத்தில் தயங்காமல் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் தலைமை ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை குழு அமைக்கும் அறிவிப்பு வரும்போது பெயர் கொடுங்கள்.

பெற்றோர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் போன மாதத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் கடிதம் போனது, சீல் வைத்த நகல் எங்கே என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தைக் காட்ட மாட்டோம் என்று யாராவது சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும், நகல் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. நானே பார்த்திருக்கிறேன், ஓர் அம்மா புத்தகத்தைக் கேட்டு வாங்கி விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தால், அந்த மேசையைச் சுற்றி இருக்கிற எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.