கொடி முதலில் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபிஃபா கால்பந்து கேமில் (2023 முதல் அதன் பெயர் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.) ஒரு பையன் 'பேக்', அதாவது ஆட்டக்காரர்களின் அட்டைகள் அடங்கிய மூடிய பொட்டலம், உடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய ஆட்டக்காரர் சிக்கியிருந்தால் கேம் அவரை உடனே காட்டிவிடாது. முதலில் நாட்டுக் கொடி. பிரேசில்! பையன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். அடுத்து, அவர் ஆடும் இடம். அப்புறம் கிளப்பின் சின்னம். முகம் கடைசியில்தான். "சே, இவனா!" காசு போவது அந்த அட்டைக்கு அல்ல, இந்தச் சில நொடிகளுக்குத்தான் என்பேன்.

கேமில் சம்பாதித்த காயினிலும் பேக் வாங்கலாம், அப்பாவின் கார்டிலும் வாங்கலாம். உள்ளே யார் என்பது மட்டும் திறக்கும்வரை தெரியாது. இந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் பொதுப்பெயர் லூட் பாக்ஸ்.

இது சூதாட்டமா? 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஆமாம் என்றது. பணம் கட்டுகிறாய், கிடைப்பது அதிர்ஷ்டம், வேறென்ன வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. 2019 ஜனவரியில், இந்தக் கேமைத் தயாரிக்கும் ஈ.ஏ. நிறுவனம் அங்கே ஃபிஃபா பாயின்ட் (நிஜக் காசு கொடுத்து வாங்கி, பேக்குக்குச் செலவழிக்கும் கேம் பணம்) விற்பதை நிறுத்தியது. பக்கத்து நெதர்லாந்தும் அதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பேக் தனி ஆட்டம் அல்ல, திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்றது தீர்ப்பு. ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் சூது, அந்தப் பக்கம் கால்பந்து. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். நாற்காலி நுனியில் இருக்கும் பையன் அந்த நேரத்தில் பந்தை உதைக்கவில்லையே!

2019-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் ஈ.ஏ. அதிகாரி ஒருவர் இதற்கு 'சர்ப்ரைஸ் மெக்கானிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பொம்மை ஒளித்துவைத்த கிண்டர் முட்டையையும் துணைக்கு அழைத்தார். முட்டை வாங்கிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்: பொம்மை பிடிக்கவில்லை என்றால் பிள்ளை இன்னொன்று கேட்கும், நாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடையை விட்டு வந்துவிடுவோம். இங்கே கடையே வீட்டுக்குள் இருக்கிறது, கார்டு எண் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. எங்கே இழுத்துக்கொண்டு போவது?

இதை வேறு மாதிரி விற்கவே முடியாதா என்றால், முடியும். உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் வாங்கும் பேக்கை 2021-இல் ஈ.ஏ.வே கொண்டுவந்தது. பெல்ஜியம் கதவைச் சாத்தி மூன்று வருடத்துக்கு அப்புறம்.

நன்றி, வணக்கம்.