ஒன்றரை லட்சம் மலிவாக வரும் டிஎஸ்ஜி வென்டோ: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

[காட்சி: காரின் கப் ஹோல்டரில் பாதி தண்ணீர் உள்ள பாட்டில். கார் மெல்ல நகர்கிறது.]

இந்தப் பாட்டிலை நன்றாகப் பாருங்கள். ரோட்டில் பள்ளம் இல்லை, இன்ஜின் சத்தத்திலும் குறை இல்லை. ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது தண்ணீர் நடுங்குகிறது, பாருங்கள். இந்த நடுக்கத்தைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

வணக்கம் நண்பர்களே. 2014, 2015 மாடல் ஃபோக்ஸ்வேகன் வென்டோ, டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக். இதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத்தான் டிஎஸ்ஜி என்கிறார்கள். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, சீட் கிழியவில்லை. விற்பவர் ஒளிக்காமல் சொல்கிறார்: "கியர்பாக்ஸ்ல சின்னதா ஒரு ஜெர்க் இருக்கு சார், அதான் ரேட்டைக் குறைச்சிருக்கேன்." அதே வருஷத்து மற்ற வென்டோக்களைவிட ஒன்றரை லட்சம் குறைவு. மனசு இழுக்குமா இழுக்காதா?

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். வென்டோ 2010இல் இந்தியாவுக்கு வந்தது. 2013இல் 1.2 லிட்டர் டர்போ இன்ஜினும் 7 கியர் டிஎஸ்ஜியும் சேர்ந்தன. 2022இல் விர்டஸ் அந்த இடத்தைப் பிடித்தது. அவ்வளவுதான். இனி கியர்பாக்ஸ். இந்த வீடியோவே அதற்காகத்தான்.

நெல் குத்துகிற உரலை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இரண்டு பேர், ஆளுக்கொரு உலக்கை. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே இறங்கும். உரலுக்கு ஓய்வே கிடையாது. டிஎஸ்ஜி செய்வதும் இதைத்தான். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்றின் பொறுப்பில் 1, 3, 5, 7 கியர்கள். இன்னொன்றின் பொறுப்பில் 2, 4, 6, கூடவே ரிவர்ஸ். நீங்கள் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியர் உலக்கையை ஓங்கிக்கொண்டு நிற்கும். இந்தக் கிளட்ச் விடுகிற கணத்தில் அந்தக் கிளட்ச் பிடித்துவிடும். திண்டிவனம் தாண்டி காலியான ரோட்டில் மிதித்துப் பாருங்கள், கியர் மாறுவதே தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் லேசில் விடமாட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், எனக்கும் அது அவ்வளவு பிடிக்கும்.

சரி, குத்துகிற இரண்டு பேரில் ஒருவருக்குக் கை ஓய்ந்துவிட்டால்? பாதி கியர்கள் போய்விடும். ஒற்றைப்படை மட்டும் மிஞ்சும், அல்லது இரட்டைப்படை மட்டும். இரட்டைப்படைப் பக்கம் போனால் ரிவர்ஸும் சேர்ந்து போகும். சுவரைப் பார்த்து நிறுத்தியிருக்கும் காரைப் பின்னால் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

[காட்சி: மேனுவல் காரின் கிளட்ச் பெடல், அதன்மேல் ஒரு கால்.]

இந்த 7 கியர் டிஎஸ்ஜியின் மாடல் பெயர் டிக்யூ200. இதன் கிளட்ச் எண்ணெயில் ஊறுவதில்லை, மேனுவல் காரில் இருப்பதுபோல் உலர்ந்த கிளட்ச். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர் திட்டுவாரே, "ஹாஃப் கிளட்ச்லயே வச்சிருக்காதே, கருகிடும்" என்று? டிஎஸ்ஜியில் பெடல்தான் இல்லை, ஹாஃப் கிளட்ச் இருக்கிறது. சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊர்கிறீர்கள் அல்லவா, அந்த ஒவ்வொரு ஊர்தலிலும் காரின் கம்ப்யூட்டர் உங்களுக்குப் பதிலாக ஹாஃப் கிளட்ச் போடுகிறது. சூடாகிறது, தேய்கிறது. நாளடைவில் நீங்கள் பார்த்த அந்த நடுக்கம்.

அதனால் ஓடோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓஎம்ஆரில் தினமும் ஆபீஸ் போய்வந்த 40,000 கிலோமீட்டரைவிட, திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடிய 80,000 கிலோமீட்டர் இந்தக் கிளட்சுக்குச் சுகமான வாழ்க்கை. "எந்த ரோட்டில் ஓட்டினீர்கள் சார்?" இதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

அடுத்தது மெக்கட்ரானிக்ஸ். கிளட்சையும் கியரையும் இயக்குகிற பம்ப், வால்வு, சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டி. இங்கேதான் ஒரு ஆச்சரியம். 2013 மார்ச்சில் சீனாவில் டிஎஸ்ஜி பிரச்சினைக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் கார்கள். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்களில், நின்று நின்று நகரும் டிராஃபிக்கில், கியர்பாக்ஸில் இருந்த சிந்தெட்டிக் ஆயிலே மின்கோளாறுக்குக் காரணமாகலாம் என்று தெரிந்தது. தீர்வு? அதை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள்! பைக்குக்கே கூடக் காசு போட்டு சிந்தெட்டிக் வாங்குகிறவர்கள் நாம். இங்கே கதை தலைகீழ். பழைய கார் என்றால் ஆயில் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கையில் எடுக்க வேண்டியது அந்தத் தண்ணீர் பாட்டில். காலையில் ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டுவது பிரயோஜனமில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் குளிர்ந்திருக்கும், நடுக்கம் வெளியே தெரியாமல் போகலாம். மாலை ஆறரை மணிக்குப் போங்கள். நல்ல நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊருங்கள், பேஸ்மென்ட் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுங்கள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். ஓட்டி முடித்த பிறகுதான், முன்னால் வேண்டாம். காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழைய எரர் கோடுகளை (கோளாறுக் குறியீடுகளை) அழித்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவது சுலபம். பி17பிஎஃப் (P17BF) என்ற எரர் கோடு வந்தால் கிளட்சோடு முடியாது, மெக்கட்ரானிக்ஸில் ஆயில் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். கிளட்ச் செலவு வேறு, மெக்கட்ரானிக்ஸ் செலவு வேறு. "சின்ன ஜெர்க்" என்ற ஒரே பேச்சுக்குள் இந்த இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

பேப்பர்கள்: ஆர்சி, லோன் பாக்கி இரண்டையும் பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் பாருங்கள். வழக்கமான வண்டி இன்ஷூரன்ஸ் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் காசு தராது.

என் கணக்கு இதுதான். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், அதிகமாகச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக எஸ்டிமேட் 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் குறைத்தது 1,50,000. பத்தாயிரம் லாபம் என்று தோன்றும். லாபமே இல்லை! பார்ட்ஸ் வரும்வரை காத்திருப்பது, ஆட்டோவுக்குக் கொடுப்பது, பிரித்த பிறகு புதிதாக ஒன்று தெரியவருவது எல்லாம் உங்கள் தலையில்தான். எஸ்டிமேட்டைப்போல் ஒன்றரை மடங்காவது விலையில் குறையாவிட்டால் நான் வாங்கமாட்டேன். குறைந்தால், வீட்டில் இன்னொரு வண்டியும் இருந்தால், தாராளமாக வாங்குவேன். அருமையான கார் அது. ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் பிள்ளையை ஸ்கூலில் விடவும் இந்த ஒரே வண்டிதான் என்றால், தயவுசெய்து வேண்டாம். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 2020 முதல் வந்த 1.0 லிட்டர் வென்டோவைத் தேடுங்கள். அதன் ஆட்டோமேட்டிக் டிஎஸ்ஜி அல்ல, டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கடத்துகிற வகை. இந்த இரட்டை உலக்கை வேலையே அதில் கிடையாது.

மாலையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளர் யாராவது இருந்தாரா? ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர் எந்தக் கியரில் ஆடியது? கமெண்டில் எழுதுங்கள், எஸ்டிமேட் தொகையையும் சேர்த்து. ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.