பதினோரு செகண்டு முன்னாடி ஒரு கைலி!

வணக்கம் மக்களே! என் தொண்டை கட்டியிருக்கு, தெரியுதா? பயப்படாதீங்க, கொரோனா இல்ல. இன்னைக்கு, 2020 நவம்பர் 8ஓட, நம்ம விக்டோரியாவுல ஒன்பதாவது நாளா புதுக் கேஸ் சைபர். சைபர் வட்டமா இருக்கிறதால இங்க அதுக்கு டோனட்னு பேரு, டோனட் மேல டோனட்டா போய்க்கிட்டிருக்கு. என் தொண்டை போனது நேத்து பாடகி கைலி மினோக்கோட ஆன்லைன் கச்சேரியில கத்துனதுல. காலைல வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து பக்கத்து வீட்டுத் தாத்தா, "பைடன் ஜெயிச்சதுக்கா அவ்ளோ சத்தம்?"னு கேட்டார். இல்ல, கைலின்னேன். "ஓ, அப்ப சரி"ன்னுட்டு உள்ள போயிட்டார். மெல்பர்ன்காரங்களுக்கு அதுக்கு மேல ஒரு வார்த்தை தேவையில்ல.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிடறேன், பழைய ஆளுங்க பொறுத்துக்கோங்க. கைலி மினோக் 1968ல இதே ஊர்ல பொறந்தவங்க. 'நெய்பர்ஸ்' சீரியல்ல மெக்கானிக் பொண்ணா வந்தாங்களே, அவங்கதான். அந்தச் சீரியல் எடுத்த தெருவுக்கே போய் நான் ஒரு வீடியோ போட்டேன், வெர்மான்ட் சவுத்துல, பின் ஓக் கோர்ட். அதுல நான் கார் சாவியைத் தொலைச்சது மட்டும்தான் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தெரியும் எனக்கு. நம்ம ஆளுங்களுக்கு இன்னும் சுலபமா சொல்லணும்னா, 2009ல 'ப்ளூ'ன்னு ஒரு இந்திப் படம், நம்ம ரஹ்மான் சார் மியூசிக். அதுல அக்‌ஷய் குமாரோட ஆடிப் பாடுனாங்களே, அவங்களேதான்.

வெள்ளிக்கிழமை, ஆறாம் தேதி, அவங்களோட 15வது ஆல்பம் வந்துச்சு. பேரு 'டிஸ்கோ'. பேர்லயே எல்லாம் இருக்கு. அடுத்த நாளே, ஏழாம் தேதி, அதுக்குன்னே ஒரு ஆன்லைன் கச்சேரி, 'இன்ஃபினிட் டிஸ்கோ'. லண்டன்ல எல்எச்2ன்னு ஒரு ஸ்டூடியோவுல எடுத்தது. டிக்கெட் வாங்கி வீட்டுல உட்கார்ந்து பார்க்கணும்.

டிக்கெட் காசைப் பத்தி நான் ஒன்னுமே சொல்லப் போறதில்ல, அது வலிக்கவே இல்ல. வலிச்சது கேபிள்.

எங்க வீட்டு டிவியை உங்களுக்குத் தெரியும், புத்திசாலித்தனம் கம்மி. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டுத்தான் ஓட்டணும். இருக்கிற கேபிள் ஒன்றரை மீட்டர். லேப்டாப்புக்கு பேட்டரி செத்துப் போய் ஒரு வருஷம் ஆச்சு, சார்ஜர்லயே இருந்தாத்தான் உயிரோட இருக்கும். பிளக் பாயின்ட் இருக்கிறது எதிர்ச் சுவர்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கேன்னு கேட்டா, பெரியவன் ஆன்லைன் கிளாஸுக்குன்னு ரூமுக்குள்ள கொண்டு போனவன், "அதுல ஃபிஷ் டேங்க் ஓடுதும்மா"ங்கறான். மீனுங்களை நான் என்ன செய்ய? கடைக்குப் போனேன்.

லாக்டவுனுக்கு அப்புறம் கடை திறந்தே பத்து நாள்தான் ஆகுது, அதனால போறதுக்கே ஒரு குஷி. ஆனா மூணு மீட்டர் கேபிளோட விலையைப் பார்த்ததும் குஷி போச்சு. 34 டாலர் 95 சென்ட்! மக்களே, முப்பத்தஞ்சு டாலருக்கு ஒரு கயிறு! இதே கேபிள் ஆன்லைன்ல எட்டு டாலர், ஆனா வர ரெண்டு வாரம் ஆகும். அந்தப் பையன்கிட்ட ஏன்பா இவ்வளவுன்னு கேட்டா, "தங்க முலாம் பூசினது"ன்றான். நான் என்ன அதைக் கழுத்துலயா போட்டுக்கப் போறேன்? எந்தக் கடைன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆனா வாங்கிட்டேன்.

தங்கம்னதும் ஞாபகம் வந்துச்சு. கைலி 2000ல ஒரு வீடியோவுல தங்கக் கலர்ல குட்டியா ஒரு ஷார்ட்ஸ் போட்டுட்டு வந்தாங்க, உலகமே அதைத்தான் பேசுச்சு. பழைய துணிச் சந்தையில 50 பென்சுக்கு வாங்குனதாம் அது. அரை பவுண்டு! இன்னைக்கு நம்ம ஊர் ஆர்ட்ஸ் சென்டர் கலெக்‌ஷன்ல பத்திரமா இருக்கு. 50 பென்சுக்கு வாங்குனது மியூசியத்துக்குப் போச்சு, 35 டாலருக்கு வாங்குனது எங்க டிவிக்குப் பின்னாடி தொங்குது.

சரி, கேபிளை மாட்டுனேன், படம் வந்துச்சு. சத்தம் மட்டும் லேப்டாப்புல இருந்தே கீச்கீச்னு வருது. எங்க வீட்டுக்காரர் வந்து ஒரு தடவை பார்த்துட்டு, "அதுல போதும்மா, கேட்குதுல்ல"ன்னுட்டுப் போறார். டிஸ்கோ ஆல்பத்தை லேப்டாப் ஸ்பீக்கர்லயா? பேஸ் இல்லாத டிஸ்கோ, பெருங்காயம் இல்லாத ரசம். செட்டிங்ஸ்ல சவுண்ட் அவுட்புட்னு ஒன்னு இருக்கு, அதுல டிவி பேரைத் தேடிப் பிடிச்சு மாத்தினேன். ஷோ கேஸ்ல இருக்கிற கண்ணாடி டம்ளர் எல்லாம் கிண்கிண்ணுது! நானே, தனியா, யார்கிட்டயும் கேட்காம பண்ணேன்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். இதை நான் தனியா பார்க்கிறதா பிளானே இல்ல. நம்ம டார்னீட் அக்கா இருக்காங்கல்ல, மட்டன் மசாலா வீடியோவுல வந்தவங்க, அவங்களும் என்னைப் போல கைலி பைத்தியம். 2001ல அந்த 'லா லா லா' பாட்டு வந்தப்ப நான் மதுரையில, அவங்க திருச்சியில. ஒருத்தரை ஒருத்தர் தெரியாம ஒரே பாட்டைக் கேட்டு ஒரே மாதிரி வீட்டுல திட்டு வாங்குனவங்க. ஆனா நான் இருக்கிறது டாண்டினாங்ல, ஊரோட இந்த மூலை. அவங்க டார்னீட்ல, அந்த மூலை. கொரோனாவுக்காக வீட்டுல இருந்து இவ்ளோ தூரம்தான் போகலாம்னு அந்த 25 கிலோமீட்டர் ரூல் இருக்கில்ல? முதல்ல அஞ்சு கிலோமீட்டர், அப்புறம் 25. எப்படி அளந்தாலும் அக்கா வீடு கணக்குக்குள்ள வரல. அந்த ரூல் எப்ப முடியுதுன்னு நினைக்கிறீங்க? இன்னைக்கு! ராத்திரி 11:59க்கு! கச்சேரி நேத்து! ஒரே ஒரு நாள் மக்களே! 110 நாளுக்கு மேல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்துட்டு, ஒரே ஒரு நாள்ல விட்டோம்.

அதனால வாட்ஸ்அப் கால்ல ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கறதுன்னு முடிவு. ஒரே நேரத்துல பிளே அமுக்கினோம். அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு, அக்காவுக்கு எல்லாம் முன்னாடியே வருது. இங்க கைலி இன்னும் திரும்பிக்கூட நிக்கல, போன்ல அக்கா "ஐயோ அந்த டிரெஸ்ஸைப் பாரேன்!"ங்கறாங்க. எந்த டிரெஸ்? அப்புறமா எனக்கு வருது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு செகண்டு. அவங்க அழ ஆரம்பிச்சா நான் டிஷ்யூ எடுத்து வெச்சுக்கலாம், அந்த நிலைமை.

பெரியவன்தான் சொன்னான். ஸ்ட்ரீமிங்னா வீடியோவைச் சில செகண்டு துண்டு துண்டா வெட்டித்தான் அனுப்புவாங்களாம், நம்ம பிளேயர் அதுல ரெண்டு மூணு துண்டைச் சேர்த்து வெச்சுட்டுத்தான் ஓட்ட ஆரம்பிக்குமாம். ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு துண்டுல இருந்து ஆரம்பிச்சிருக்கும். சரின்னு, "ஒன்னு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணி ரெண்டு பேரும் ஒன்னா ரெஃப்ரெஷ் அமுக்கினோம். பதினோரு செகண்டு மூணு செகண்டாச்சு. அடுத்த தடவை பண்ணா பழையபடி ஒன்பது! அப்படியே விட்டிருக்கலாம். கடைசியில போனைச் சோபா மேல கவுத்து வெச்சுட்டு, பாட்டுக்குப் பாட்டு இடையில மட்டும் பேசிக்கலாம்னு சமாதானம்.

கச்சேரியா? சூப்பர்! ஒரு மணி நேரம்கூட முழுசா இல்ல, அது ஒன்னுதான் குறை. பழைய 'லைட் இயர்ஸ்' பாட்டு போகுது போகுதுன்னு பார்த்தா, அதுக்குள்ள பழைய டிஸ்கோ பாடகி டோனா சம்மரோட 'ஐ ஃபீல் லவ்' வந்து உட்காருது. 1977 பாட்டு அது. இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் மியூனிக்ல சின்தசைசரை வெச்சுப் பண்ணது, இன்னைக்கு நாம டெக்னோ டெக்னோன்னு சொல்றதுக்கெல்லாம் அதுதான் பாட்டி. 'ஸ்லோ' பாட்டுக்குள்ளயும் டோனா சம்மர்தான். பேரு டிஸ்கோன்னு வெச்சுட்டு யாருக்குக் கடன்பட்டிருக்கோம்னு மேடையிலயே காட்டறது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'சே சம்திங்'குக்கு ஹவுஸ் காஸ்பல் கோயர்ங்கற பாடகர் குழு வந்து பாடுனாங்க. அத்தனை குரல் ஒன்னா ஏறுறப்ப எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுடுச்சு. இவ்வளவு நாளா யாரும் பக்கத்துல நின்னு பாடிப் பார்க்கவே இல்லையே!

ஆனா பாட்டு முடிஞ்சதும் ஒரு அமைதி வருது பாருங்க. கைதட்ட ஆள் இல்ல. அது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதனால நானே தட்டினேன், பலமா. அந்தச் சத்தம்தான் தாத்தா கேட்டது.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேனே! இந்த ஆல்பம் எப்படி எடுத்தாங்கன்னு சொல்லணும். லண்டன்ல லாக்டவுன்ல மாட்டிக்கிட்டு, வீட்டுலயே மைக் வெச்சு, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் தானே கத்துக்கிட்டு, தன் குரலைத் தானே பதிவு பண்ணியிருக்காங்க. எதிரொலி வராம இருக்கத் துணி மாட்டுற ஸ்டாண்டும் போர்வையுமா சுத்தி நிக்க வெச்சுட்டு! 52 வயசுல! நான் இந்தச் சேனலைத் தொடங்குனப்ப பீரோவுக்குள்ள தலையை விட்டு வாய்ஸ் ஓவர் கொடுத்தேன்ல, நீங்க எல்லாரும் சிரிச்சீங்கள்ல? இப்ப சிரிங்க பார்ப்போம்.

போன ஆல்பம் 'கோல்டன்' பத்தி கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. 2018ல நாஷ்வில் வரைக்கும் போய் 'கன்ட்ரி'ங்கற அமெரிக்க நாட்டுப்புற ஸ்டைல்ல பண்ணது. எனக்கு ஒட்டல. ஆசைக்குச் சாம்பார்ல சர்க்கரை போடலாம், அதை ஊருக்கே பரிமாறக் கூடாது. டார்னீட் அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும், இதுக்காக ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கோம். பிரிட்டன்ல அது முதல் இடத்துக்கு வந்துச்சு, ஒத்துக்கறேன். இப்ப 'டிஸ்கோ'வும் அங்க முதல் இடத்துக்கு வந்துட்டா, எண்பதுகள்ல இருந்து வரிசையா அஞ்சு பத்தாண்டுலயும் நம்பர் ஒன் ஆல்பம் கொடுத்த முதல் பெண் இவங்கதான். அடுத்த வெள்ளிக்கிழமை லிஸ்ட் வரும். வரும்னு நான் சொல்றேன், வீடியோவைச் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

கேபிளைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். கவரைப் பல்லாலயே கிழிச்சிருக்கேன், எந்த முகத்தோட போய்க் கொடுக்கறது? இருக்கட்டும்.

வர்ற சனிக்கிழமை அக்கா வர்றாங்க. ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து போடறோம், சோபாவை ஓரமா தள்ளிட்டு. அக்கா, நீங்க இதைப் பார்த்துட்டு இருந்தீங்கன்னா வர்றப்ப அந்த மட்டன் மசாலா ரெண்டு டப்பா எடுத்துட்டு வாங்க. 'கோல்டன்' சிடி வேண்டாம்.