போவேயில் பாதியில் நிற்கும் பேராலயம்

அனைவருக்கும் வணக்கம்.

கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டிய தேவாலயம் என்றால் பாரிஸ் நோத்ர தாம்தான் நம் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதற்கு வடக்கே போவே என்ற ஊரில் இருக்கும் புனித பேதுரு பேராலயத்தைப் பற்றி. அது இன்றுவரை கட்டி முடிக்கப்படவில்லை. ஆனாலும் கோதிக் கட்டடக்கலையைக் கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

1225இல் பழைய கோயில் தீப்பிடித்தது. ஆயர் மிலோன் புதிய பேராலயத்தைத் தொடங்கினார். 1272இல் பீடப்பகுதி முடிந்தபோது கல்கூரை ஏறக்குறைய 48 மீட்டர் உயரத்தில் இருந்தது. வேறெந்த கோதிக் பேராலயத்தின் உட்கூரையும் அவ்வளவு உயரம் போனதில்லை.

இவ்வளவு உயரத்தில் கல் எப்படி நிற்கிறது? இரண்டு புத்தகங்களை ஒன்றோடொன்று சாய்த்து வையுங்கள். மேலே அழுத்தினால் அடிப்பக்கம் வெளியே வழுக்கும். வளைவுக் கூரையும் அப்படித்தான், சுவரை வெளிப்பக்கம் தள்ளும். வளைவைக் கூராக்கினால் தள்ளல் குறையும். மிச்சத்தை வெளியிலிருந்து சாய்ந்து வரும் கல் முட்டுகள் தாங்கிக்கொள்ளும். சுமை தூணுக்கும் முட்டுக்கும் போய்விடுவதால் சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வைக்கலாம். உள்ளே வெளிச்சம் கொட்டுவது அதனால்தான்.

சரி, போவேயில் என்ன ஆனது? 1284இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. காரணம் காற்றா, தூண்களின் இடைவெளியா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் உயரத்தைக் குறைக்கவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே இன்னொரு தூணை நிறுத்தி அதே உயரத்தில் கூரையை மறுபடி கட்டினார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள்: பழைய அகல வளைவின் கோடு சுவரில் தெரியும், அதற்குள் இரண்டு குறுகிய வளைவுகள். எனக்கு அந்தச் சுவர்தான் அங்கே மிகப் பிடித்த இடம்.

அப்புறம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நூறாண்டுப் போர் வந்து வேலை நின்றது. சிலுவையின் கைகள்போல இருபக்கமும் நீளும் குறுக்குக் கூடங்களை 1500இல் தொடங்கி 1548இல் முடித்தார்கள். அடுத்து மக்கள் கூடும் நடுக்கூடத்தைக் கட்டியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கோபுரம் எழுப்பினார்கள்! 1569இல் அது 153 மீட்டர். மேற்குப் பக்கம் முட்டுக்கொடுக்க நடுக்கூடம் இல்லை. 1573இல், ஆண்டவரின் விண்ணேற்ற நாளன்று, மக்கள் பவனியாக வெளியே போயிருந்த நேரத்தில் கோபுரம் சரிந்தது. நான்கே ஆண்டுகள்! கோபுரத்தை மறுபடி எழுப்பவேயில்லை.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. முட்டுகளை இணைத்திருந்த இரும்புக் கம்பிகள் அழகைக் கெடுக்கின்றன என்று 1960களில் கழற்றிவிட்டார்கள். காற்றடித்தால் முட்டுகள் கூடுதலாக ஆடத் தொடங்கின. பதறிப்போய் எஃகுக் கம்பிகளைப் பொருத்தினார்கள். பின்னர் உள்ளே, வடக்குக் குறுக்குக் கூடத்தில், பெரிய மரச்சட்டங்களால் முட்டும் கொடுத்தார்கள்.

நடுக்கூடம் வந்திருக்க வேண்டிய இடத்தில் இன்று என்ன இருக்கிறது தெரியுமா? பத்தாம் நூற்றாண்டின் பழைய பேராலயத்தில் மிஞ்சிய பகுதி. புதியது வளர வளர அதை இடித்துவிடுவதாகத்தான் திட்டம். வேலை அதுவரை போய்ச் சேரவே இல்லை. சின்னச் சின்னக் கற்களால் கட்டிய அந்தத் தாழ்ந்த சுவர்கள், பெரியதன் காலடியில் அப்படியே நிற்கின்றன.