பிளந்தால்தான் விறகு காயும்

நேயர்களுக்கு வணக்கம். விறகடுப்பு என்றாலே புகை என்று எல்லாரும் அடுப்பின் மேல் பழி போடுகிறோம். அந்தப் புகையில் பெரும்பங்கு ஈர விறகால் வருவது என்பது என் கட்சி.

வெட்டிய புதிதில் ஒரு கட்டையின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடுகிறது. நெருப்புத் தணிந்து, முழுதாக எரியாமல் வெளியேறுவதுதான் அந்தப் புகை. அதை விழுங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். பட்டை மூடிய உருட்டுக் கட்டையை மாதக்கணக்கில் வெயிலில் போட்டாலும் ஈரம் இரண்டு முனை வழியாகத்தான் மெல்லக் கசியும். நான்காகப் பிளந்துவிட்டால் நாற்புறமும் காயும். மாசியில் பிளந்து வையுங்கள், பங்குனி, சித்திரை வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

எந்த மரம்? சவுக்கு நேராக வளரும், சிரமமில்லாமல் பிளக்கும். ரயில் என்ஜின்களுக்கு விறகாகவே 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் அதை வளர்த்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலம்தான். அதை அகற்றச் சொல்லும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் நின்று எரியும் விறகு அது என்பதை மறுக்க முடியாது. காய்ந்தால் இரும்பாக இறுகும், பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். அரளியை மட்டும் அடுப்பருகே கொண்டுவராதீர்கள். அதன் புகையும் நஞ்சு.

இனி கோடாரி. முதலில் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு மயிரிழை வெடிப்புகள் ஓடும். அந்தக் கோட்டிலேயே கோடாரி வாய் இறங்க வேண்டும். பருத்த கட்டையின் நட்டநடுவில் அடித்தால் கோடாரியைக் கவ்விக்கொள்ளும். ஓரத்திலிருந்து பாளம் பாளமாகக் கழற்றி வாருங்கள். கணுவை நேருக்கு நேர் தாக்காதீர்கள், அங்கே நார் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அப்படிப்பட்ட கட்டையில் வெடிப்புக்குள் இரும்பு ஆப்பைச் செருகிச் சம்மட்டியால் அடியுங்கள். இரண்டு மூன்று அடியில் உள்ளே நார் அறுபடும் சத்தம் கேட்கும். பிறகு பிளவு தானாக ஓடும். தலை நசுங்கி விளிம்பு சுருண்ட ஆப்பு வேண்டவே வேண்டாம். இரும்புச் சில் தெறித்தால் கண் போய்விடும்.

கட்டையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு பிளக்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடியில் வேறொரு கட்டையை அண்டக் கொடுத்தால் போதும். கோடாரிக் காம்பு ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளந்ததைத் தரையில் படாமல், இடையில் காற்றுப் புக இடம் விட்டு அடுக்குங்கள். ஐப்பசி மழைக்கு மேலே மட்டும் மூடினால் போதும். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே அடைந்து பூஞ்சை பூத்துவிடும். காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘டங்’கென்று கணீரென ஒலித்தால் அடுப்புக்குப் போகலாம், மந்தமாக ஒலித்தால் இன்னும் சில வாரம் வெயில் வேண்டும்.

நன்றி, வணக்கம்.