வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது: அப்பாவின் 33 வருஷப் பொலிஸ் வாழ்க்கை

வணக்கம், எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? இலங்கை மலையகத்தில், அப்புத்தளையில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் வெள்ளையாகத் தெரிவது பனிமூட்டம். நடுவில் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எங்கேயும் சுற்றிக் காட்டப் போவதில்லை. அப்பாவின் தகரப் பெட்டியைத் திறக்கப் போகிறேன். அப்பா 1972இல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, 2005இல் சார்ஜன்டாக ஓய்வு பெற்றார்.

இதோ, இடுப்புப் பட்டி. இந்தப் பித்தளைக் கொளுக்கியைக் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். நடுவில் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது, ஓரத்தில் மட்டும் பச்சைக் களிம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசல் படியில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியில் பிராஸோ தொட்டுத் தேய்ப்பார். அந்த வாசனை வந்தால் நாளைக்கு அப்பா டியூட்டிக்குப் போய்விடுவார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் காக்கியைப் போட்டுக்கொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வருவது லேசான விஷயமில்லை. எங்கள் தாத்தா காலத்தில் காக்கி என்றால் துரைமார் உடுப்பு. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தங்களுக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை வைத்திருந்தார்கள். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900இல் தொடங்கி 1949 வரைக்கும் இருந்த படை அது. அப்புறம் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்தப் பெயரைச் சொல்லாத தோட்டம் கிடையாது. அதனால் அப்பா பொலிஸில் சேரப் போகிறேன் என்றதும் தாத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

அப்பாவுக்கு முதலில் ஆசை ஆமியில்தான். சின்ன வயதில் தியத்தலாவைப் பக்கமிருந்து சுடும் பயிற்சிச் சத்தம் மலை தாண்டிக் கேட்குமாம். 1955இல் இலங்கை இராணுவத்துக்குத் தளபதியாக வந்த முதல் இலங்கையரே அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னதை அப்பா மறக்கவே இல்லை. ஆனால் பொலிஸில்தான் இடம் கிடைத்தது. அதுவும் பிரஜாவுரிமை இருந்ததால். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்களை, நாடற்றவர்களாக்கியது உங்களுக்குத் தெரியும். 1964இல் இவர்களை யார் ஏற்பது என்று இலங்கையும் இந்தியாவும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது 975,000 பேர் அந்தக் கணக்கில் இருந்தார்கள். தாத்தா முன்பே விண்ணப்பம் போட்டுப் பத்திரம் வாங்கி வைத்திருந்த சொற்பப் பேரில் ஒருவர். கோபத்தில் சாப்பிடாமல் கிடந்த அதே தாத்தாதான் அந்தப் பத்திரத்தைத் துணியில் சுற்றி அப்பா கையில் கொடுத்து அனுப்பினார்.

களுத்துறையில் பயிற்சி. பிறகு ஊர் ஊராக மாற்றம். அதெல்லாம் எல்லாப் பொலிஸ்காரர் கதையும்தான். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், அப்பா போய்ச் சேர்ந்த புதிதில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா வந்திருக்கிறார். அடகு வைத்த தோட்டைப் பணம் கட்டியும் கொடுக்கவில்லை என்று ஏற்கெனவே முறைப்பாடு செய்தவர். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், தோடு கிடைத்துவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று சிங்களத்தில் எழுதி, கீழே அந்த அம்மாவின் பெருவிரல் அடையாளம். அப்பா அதை அப்படியே தமிழில் சொல்லியிருக்கிறார்.

“நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்? கை நாட்டு வையின்னாங்க, வச்சேன்.”

வாக்குமூலத்தின் கடைசியில் ஒரு வரி வரும்: வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டார். எந்த மொழியில் விளக்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அன்றிலிருந்து அப்பா, தான் எழுதிய ஒவ்வொரு வாக்குமூலத்தையும் தமிழில் சொல்லிக் காட்டி, “நீங்க சொன்னது இதுதானாம்மா?” என்று கேட்ட பிறகுதான் பேனாவை நீட்டினார். ஒருவருக்குப் பத்து நிமிஷம் கூடப் பிடிக்கும். வேலை தேங்குகிறது என்று மேலிடத்தில் ஏச்சும் வாங்கியிருக்கிறார். பதவி உயர்வு தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அம்மா இன்னமும் வருத்தப்படுவார். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் அந்த மேசைக்குத் தமிழ் போய்ச் சேருவது அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பொறுத்துத்தான் இருந்தது.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் பற்றி அப்பா பேச மாட்டார். பதுளைக் கடைகள் எரிந்த அந்த வாரம் அம்மா எங்களைத் தேயிலைக்குள் ஒளித்து வைத்திருந்தார். எனக்கு ஐந்து வயது. காலெல்லாம் அட்டை கடித்த எரிச்சல் மட்டும்தான் ஞாபகம். அப்பா வந்தபோது யூனிஃபோம் பையில் சுருட்டி இருந்தது. அவ்வளவுதான், நானும் தோண்டிக் கேட்டதில்லை.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அப்பா ஓய்வு பெற்று ஒன்பது வருஷம். மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டார். ஆமிக்காரப் பிள்ளைகள் சேற்றில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் எந்த லயம் இருந்தது, எத்தனையாவது காம்பரா, அதாவது அறை, என்று அவர்கள் சிங்களத்தில் கேட்க, சொந்தங்களைத் தேடி நின்றவர்கள் தமிழில் அழ, நடுவில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களோடு ஒரு கிழமை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன அல்லவா? தொலைந்ததற்கு முறைப்பாடு வேண்டும். ஆளாளுக்கு எழுதிக் கொடுத்து, வழக்கம்போல ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினார். அன்றைக்கு அவரிடம் காக்கி இல்லை, பழைய ஸ்வெட்டர்தான்.

இப்போது அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பேப்பர், மருந்துச் சீட்டு எல்லாம் நான்தான் வாசிக்கிறேன். இன்று பேசியதையும் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். நேற்றிரவு முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் கையைத் தூக்கினார். அந்த அம்மாவின் மூக்குத்தி என்று எழுதியிருந்தேன்.

“மூக்குத்தி இல்லம்மா, தோடு. ஒரு சோடி, கல்லு வைக்காதது.”